மில்: ஸ்பானிஷில் ஆயிரம், சுவீடனில் பத்துக் கிலோமீட்டர். இரண்டும் ஒரே வேரா?

கோவில்பட்டிக்காரன் எழுதியது:

வணக்கம். வேலைக்காக சுவீடனின் கோத்தன்பர்க் நகரத்துக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. இங்குள்ளவர்கள் யோத்தெபொரி என்பார்கள். ஒரு வார்த்தையைப் பற்றிக் கேட்க வேண்டும். நடந்ததைச் சொன்னால்தான் என் சந்தேகம் விளங்கும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நானும் என்னோடு தங்கியிருக்கும் நண்பரும் பாதிப் பாதி போட்டு ஒரு பழைய கார் வாங்கலாம் என்று இரண்டு வாரமாகத் தேடுகிறோம். நண்பர் கொலம்பியாக்காரர், மெடயீன் ஊர், தாய்மொழி ஸ்பானிஷ். போன சனிக்கிழமை ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. 2015 மாடல் வோல்வோ வி60, டீசல், ஒரே ஓனர். ஓடிய தூரம் என்ற இடத்தில் '12 400 மில்' என்று போட்டிருந்தார்கள்.

நான் அதை மைல் என்றே படித்தேன். 12,400 மைல் என்றால் ஏறக்குறைய 20,000 கிலோமீட்டர். நண்பர் ஒப்புக்கொள்ளவில்லை. ஸ்பானிஷில் மில் என்றால் ஆயிரம். கொலம்பியாவில் அந்த வார்த்தை இல்லாமல் ஒரு நாள் ஓடாதாம். பஸ் டிக்கெட் விலைகூட 'மூன்று மில் பேசோ' என்றுதான் சொல்வார்களாம். '12 மில் 400 என்று எழுத வந்தவர் எண்ணை முழுசாக எழுதிவிட்டு, மில்லையும் கடைசியில் சேர்த்துவிட்டார். வண்டி 12,400 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது' என்றார். எப்படிப் பார்த்தாலும் புது வண்டி மாதிரி. அன்று ராத்திரி இரண்டு பேருக்கும் தூக்கம் வரவில்லை.

அப்பாவுக்கு ஃபோன் போட்டேன். அப்பா முப்பத்தாறு வருஷம் லாரி மெக்கானிக்காக இருந்தவர். விலையையும் ஓட்டத்தையும் கேட்டவுடன் குரல் மாறிவிட்டது. 'வருஷத்துக்கு ரெண்டாயிரம் கிலோமீட்டர் ஓட்டுறவன் எதுக்குல டீசல் வண்டி வாங்குதான்? மீட்டரத் திருப்பிருப்பான். நீ மீட்டரப் பாக்காத. பிரேக் பெடல் ரப்பரப் பாரு. டிரைவர் சீட்டு ஓரத்தப் பாரு. ஸ்டியரிங்குல கை படுற எடம் வழுவழுன்னு இருக்கான்னு தடவிப் பாரு. தேஞ்சது பொய் சொல்லாது' என்றார்.

திங்கட்கிழமை ஆபீசில் பக்கத்து மேசைக்காரரிடம் விளம்பரத்தைக் காட்டினேன். 'ஒரு லட்சத்து இருபத்து நாலாயிரம் கிலோமீட்டர், வயதுக்குச் சரியான ஓட்டம்' என்றார் சாதாரணமாக. இங்கே ஒரு மில் என்றால் பத்துக் கிலோமீட்டர்! சாலைப் பலகைகளில் எல்லாம் கிலோமீட்டர்தான் இருக்கிறது, பேச்சில்தான் மில். அதனால் எட்டு மாதமாக எனக்குத் தட்டுப்படவே இல்லை. மார்ச் மாதம் எங்கள் ஆபீசில் ஒருவர் வாசாலோப்பெத் பனிச்சறுக்குப் போட்டியில் 'ஒன்பது மில்' ஓடி முடித்துவிட்டு வந்தார். ஒன்பது மைல்தானே என்று நினைத்து, ஒரு வார்த்தை வாழ்த்திவிட்டு நகர்ந்துவிட்டேன். சேலனிலிருந்து மோரா வரைக்கும் 90 கிலோமீட்டர் அது, 1922இலிருந்து நடக்கிறது. திங்கட்கிழமையே அவரிடம் போய் மறுபடி கை கொடுத்துப் பேசினேன்.

இப்போது கேள்வி. ஒரே எழுத்து, அங்கே ஆயிரம், இங்கே பத்தாயிரம் மீட்டர், ஆங்கிலத்தில் 1,609 மீட்டர். இதெல்லாம் ஒரு வேரிலிருந்து பிரிந்ததா, இல்லை தற்செயலாக ஒன்றுபோல் அமைந்ததா? இன்னொன்று: அப்பாவுக்கு இங்குள்ள வாழ்க்கையைப் பற்றி வாராவாரம் எழுதி அனுப்புகிறேன். இந்தத் தூரத்தைத் தமிழில் எப்படி எழுதுவது? மைல் என்றா?

நெல்லியடி எழுதியது:

தம்பி, முதல்லை ஒரு திருத்தம். அது மில் இல்லை, மீல். நீட்டிச் சொல்லவேணும். ஸ்பானிஷ் ஆக்கள் குறுக்கி மில் எண்டு சொல்லுவினம். கடுதாசியிலை பார்த்தால்தான் ரெண்டும் ஒண்டு. நீங்கள் வாசிச்சுப் பழகினதாலை மில் எண்டு பிடிச்சிட்டியள்.

நான் நோர்வேயிலை இருக்கிறன். இங்கையும் மீல் எண்டால் பத்துக் கிலோமீட்டர்தான். 1988இலை வடக்கே ஃபின்மார்க்கிலை ஒரு மீன் தொழிற்சாலையிலை வேலைக்குச் சேர்ந்தனான். அந்த நாளையிலை எங்கட சனம் கனபேர் அந்தப் பக்கம் மீன் வெட்டத்தான் போனவை. வந்து அஞ்சு மாசம், பாஷை அரைகுறை. என்னோடை ஊரிலை படிச்ச பிள்ளை ஒண்டு அடுத்த ஊர்த் தொழிற்சாலையிலை நிக்குது எண்டு கேள்விப்பட்டன். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் இருந்த வீட்டுக்கார அம்மாவிட்டை எவ்வளவு தூரம் எண்டு கேட்டன். 'தூ மீல்' எண்டா. தூ எண்டால் ரெண்டு. ரெண்டு மைல் எண்டால் எங்கட ஊரிலை பள்ளிக்கூடத்துக்கு நடக்கிற தூரம். அவ பஸ்சைப் பற்றி ஏதோ சொன்னவ, எனக்கு அது விளங்கேல்லை. பிளாஸ்கிலை தேத்தண்ணியையும் ஊத்திக்கொண்டு வெளிக்கிட்டிட்டன்.

மார்ச் மாசம், வெயில் எறிச்சது. ஆனால் ரோட்டின்ரை ரெண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குப் பனி. ரெண்டு மணித்தியாலம் நடந்தும் ஒரு வீடில்லை, ஒரு மரமும் இல்லை. ஒரு பக்கம் கடல், மற்றப்பக்கம் வெள்ளை. பிறகு மீன் ஏத்துற லொறி ஒண்டு வந்து நிண்டிது. டிரைவர் என்னை ஏத்தி, கண்ணாடிக்கு முன்னாலை கிடந்த மப்பை விரிச்சு, விரலாலை காட்டினார். இன்னும் பதினாலு கிலோமீட்டர் இருக்கு. அவர் என்ரை சப்பாத்தைப் பார்த்திட்டு ஒண்டும் பறையேல்லை, ஹீட்டரைக் கூட்டிவிட்டவர். கூட்டுக்காரியைக் கண்டவுடனை கட்டிப்பிடிச்சு அழுதனான். தூரத்துக்காகவோ, ஊரை நினைச்சோ, எனக்கே தெரியேல்லை.

அதுக்குப் பிறகு தமிழிலை கதைக்கேக்கையும் மீல் எண்டுதான் சொல்லுறனான். என்ரை பிள்ளையளும் 'அம்மா, இன்னும் மூண்டு மீல் இருக்கு' எண்டுதான் காருக்குள்ளை சொல்லுங்கள். மைல் எண்டு எழுதாதேங்கோ தம்பி. எழுதினால் வாசிக்கிற ஆளும் என்னைப் போலை நடக்க வெளிக்கிடும்.

சாலமான்கா எழுதியது:

நெல்லியடி அக்கா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

கோவில்பட்டிக்காரருக்கு: ஒரே வேர்தான், ஐயமில்லை. புதுச்சேரியில் ஸ்பானிஷ் சொல்லிக்கொடுக்கிறேன், சாலமான்காவில் இரண்டு வருடம் படித்தேன். அங்கே இந்த வேரைக் கண்ணாலேயே பார்க்கலாம். தெற்கே மெரிதாவிலிருந்து வடக்கே அஸ்தோர்கா வரை போகும் 'வீயா தெ லா பிளாத்தா' என்ற ரோமானியச் சாலை அந்த வழியாகப் போகிறது. அதன் ஓரத்தில் ஆள் உயரக் கல்தூண்கள் இன்னும் நிற்கின்றன. மிலியாரியோ என்று பெயர். ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு நடந்தபோது ஒரு தூணிலிருந்து அடுத்த தூண் இருந்திருக்கவேண்டிய இடம் வரை அடி எண்ணிக்கொண்டே போனேன்.

லத்தீனில் மில்லே என்றால் ஆயிரம். ரோமப் படைவீரன் இடது காலை ஊன்றி, மறுபடி அதே இடது காலை ஊன்றினால் அது ஒரு 'பாஸ்ஸுஸ்'. அதாவது நம் கணக்கில் இரண்டு காலடி, ஐந்து ரோமன் அடி, ஒன்றரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அப்படி ஆயிரம் வைத்தால் 1,480 மீட்டர் வரும். அதுதான் 'மில்லே பாஸ்ஸுஸ்', ஆயிரம் பாஸ்ஸுஸ். ஆயிரங்கள் என்ற பன்மைக்கு மீலியா. நாளடைவில் பாஸ்ஸுஸ் உதிர்ந்துபோய், ஆயிரம் மட்டும் தூரத்தின் பெயராக நின்றுவிட்டது.

ஸ்பானிஷ் அந்தச் சொல்லை இரண்டாகப் பிரித்து வைத்துக்கொண்டது. எண்ணுக்கு மில், தூரத்துக்கு மிய்யா. வடக்கே இருந்தவர்களிடம் ஆயிரத்துக்குச் சொந்தச் சொல் ஏற்கெனவே இருந்தது. சுவீடிஷில் தூசென். ஆகவே அவர்கள் ரோமானியரின் சொல்லைத் தூரத்துக்கு மட்டும் வாங்கிக்கொண்டார்கள். வாங்கியவர்களுக்கு அதற்குள் ஓர் ஆயிரம் இருப்பது தெரியவேண்டிய அவசியமே இல்லாமல் போனது. ஆயிரம் மறந்ததும் அளவு இஷ்டம்போல் நீளத் தொடங்கியது. பிரஷ்யாவில் ஏழரைக் கிலோமீட்டர், நார்வேயின் பழைய அளவு 11.3 கிலோமீட்டர்.

ஏன் நீண்டது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. பழைய நோர்டிக் வழக்கில் தூரத்தை ராஸ்ட் என்ற சொல்லால் சொன்னார்கள். ராஸ்ட் என்றால் இளைப்பாறல். ஓரிடத்தில் உட்கார்ந்து எழுந்தவர் அடுத்து எங்கே உட்காருவாரோ அதுவரை ஒரு ராஸ்ட். ரோமானியச் சொல் இந்த அளவின் மேல் வந்து உட்கார்ந்தது. நம் முன்னோர் நாழிகை வழி என்றார்களே, ஒரு நாழிகையில் நடக்கும் தூரம், அதுபோல. காதத்தை அகராதிகள் ஏறக்குறைய பத்து மைல் என்கின்றன. நீளத்தில் பார்த்தால் சுவீடன்காரர்களின் மீல், மைலைவிடக் காதத்துக்குத்தான் பக்கம்.

சுவீடனில் மாகாணத்துக்கு மாகாணம் மீல் வேறாக இருந்தது. 1649இல், கிறிஸ்தீனா அரசி காலத்தில், நாடு முழுக்க ஒரே அளவு வந்தது: 18,000 ஆல்ன். ஆல்ன் என்பது நம் முழம் மாதிரி கையால் பிறந்த அளவு, 59 சென்டிமீட்டர் சொச்சம். மொத்தம் 10.69 கிலோமீட்டர். அதே சட்டத்தில்தான் பெருவழிகளில் மைல்கல் நடச் சொன்னார்கள், வழிச்சத்திரங்களையும் ஒழுங்குபடுத்தினார்கள். பயணிகளுக்கு வண்டியும் குதிரையும் கொடுக்கும் குடியானவருக்கு மீல் கணக்கில் கூலி. கல் இல்லாவிட்டால் கூலியில் தகராறு வரும். 1889 முதல் மீட்டர் முறை கட்டாயமானபோது, மக்கள் வாயிலிருந்து அந்தச் சொல்லைப் பிடுங்காமல், 10.69ஐ நேர் 10 ஆக்கிக்கொண்டார்கள். நல்ல முடிவு என்பேன்.

உங்கள் நண்பருக்கு ஒரு அடையாளம் சொல்லுங்கள். நாம் வெறுமனே 'ஆயிரம் ரூபாய்' என்பதுபோல, ஸ்பானிஷில் மில்லுக்கு முன்னால் 'ஒரு' போடமாட்டார்கள். சுவீடிஷில் 'ஏன் மீல்', ஒரு மீல், என்று வரும். மற்றபடி 'ஆயிரம் தடவை சொல்லிட்டேன்' என்று நாம் அலுத்துக்கொள்வதை ஸ்பானிஷ் அம்மாக்களும் அதே மில் போட்டுத்தான் சொல்கிறார்கள்.

தமிழில் எப்படி எழுதுவது என்பதற்கு அக்கா சொன்னதே சரி. மீல் என்று எழுதுங்கள், முதல் தடவை மட்டும் பத்துக் கிலோமீட்டர் என்று பக்கத்தில் சொல்லிவிடுங்கள். சுவீடிஷ் கதைகளை ஆங்கிலம் வழியாக மொழிபெயர்ப்பவர்கள் மைல் என்று போட்டுவிட்டால் கதாபாத்திரங்கள் ஆறில் ஒரு பங்கு தூரம்தான் நடப்பார்கள். என் மாணவர்களிடம் இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வதுண்டு.

நான்காம் ஆண்டு எழுதியது:

செமஸ்டரும் இதே கதைதான். ஸ்பானிஷில் செமெஸ்த்ரெ, ஆறு மாதம், நம் காலேஜ் செமஸ்டர் மாதிரி. லத்தீனில் ஆறு, மாதம் என்ற இரண்டு சொல் சேர்ந்தது. சுவீடனில் செமெஸ்டர் என்றால் விடுமுறை! சம்பளத்தோடு வருஷத்துக்குக் குறைந்தது 25 நாள். ராணுவ அதிகாரிகளுக்குக் கொடுத்த ஆறு மாத விடுப்பு பிரெஞ்சு வழியாக வந்து, ஆறு மாதம் போய் விடுப்பு மட்டும் தங்கிவிட்டது. படிப்பின் அரையாண்டுக்கு அவர்கள் சொல்வது டெர்மின். பரிமாற்றப் படிப்புக்கு சுவீடனின் உப்சாலா நகரத்துக்கு வரப்போகும் நான் 'என் செமஸ்டர் எப்போது தொடங்கும்' என்று கேட்டு மெயில் அனுப்ப, கோடை விடுமுறைத் தேதிகள் பதிலாக வந்தன.

உப்சாலா அம்மா எழுதியது:

உப்சாலா என்று பார்த்ததும் எழுத வந்தேன். தம்பி வந்ததும் வீட்டுக்கு வாங்க, ரசம் சாதம் இருக்கும்.

என் மகள் ஆறாம் வகுப்பு. இங்கே அந்த வகுப்பிலிருந்து இன்னொரு மொழி எடுக்கலாம். அவள் ஸ்பானிஷ் எடுத்தாள். மூன்றாவது வாரம் முகம் வாடி வந்து, ஜெர்மனுக்கு மாற்றிவிடு என்றாள். மணி என்ன என்று கேட்கும் பாடமாம். ஸ்பானிஷில் மணிக்கு என்ன எழுத்தோ, அதே எழுத்துதான் சுவீடிஷில் பெண்களைக் கேவலப்படுத்தும் மிக மோசமான வசவு. பின்பெஞ்சுப் பையன்கள் அந்தப் பாடம் முழுக்க அதையே சத்தமாகப் படித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள், பெண் பிள்ளைகள் பக்கம் பார்த்து. எனக்கு வயிறு எரிந்தது.

இதுவும் நெல்லியடி அக்கா சொன்ன மாதிரிதான். கடுதாசியில்தான் ஒன்று. ஸ்பானிஷில் முதல் எழுத்தை உச்சரிப்பதே இல்லை, 'ஓரா' என்றுதான் சொல்ல வேண்டும். சுவீடிஷ் வசவு 'ஹூரா'. தமிழில் எழுதிக் காட்டினால் முதல் எழுத்தே பொருந்தாது. வேரும் வேறு. இது மீல் மாதிரி பங்காளிச் சொல் இல்லை, வழியில் இடித்துக்கொண்ட இரண்டு அந்நியர்கள்.

மகளிடம் இதை நான் விளக்கிக்கொண்டிருந்தபோது, கும்பகோணத்திலிருந்து வந்திருந்த என் அம்மா உள்ளே பஞ்சாங்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். 'ஓரா', 'ஓரா' என்று குழந்தை சொல்லிப் பார்ப்பதைக் கேட்டு வெளியே வந்து, 'ஓரைதானேடி? வெள்ளிக்கிழமை காலம்பற முதல் ஓரை சுக்கிரன்' என்றாள். எனக்குச் சிலிர்த்துவிட்டது. ஆமாம், அதேதான்! கிரேக்கத்தில் பிறந்த சொல், ஒரு பக்கம் லத்தீன் போய் ஸ்பானிஷில் ஓரா ஆனது, இன்னொரு பக்கம் வடமொழியில் ஹோரா ஆகி நம் பஞ்சாங்கத்தில் ஓரை ஆனது. பாட்டியும் பேத்தியும் அன்று சமையலறை மேசையில் உட்கார்ந்து பன்னிரண்டு பகல் ஓரையையும் எழுதினார்கள். ஓரையைச் சூரிய உதயத்திலிருந்து எண்ண வேண்டும், இங்கே ஜூனில் நாலு மணிக்கு முன்னாலேயே விடிந்துவிடுகிறது என்று அம்மாவுக்குக் கவலை.

மகள் ஸ்பானிஷை விடவில்லை. அடுத்த வகுப்பில் கையைத் தூக்கி, இது என் பாட்டியின் சொல் என்று ஓரையைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள். ஆசிரியரும் அந்தப் பையன்களைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார்.

கோவில்பட்டிக்காரன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நெல்லியடி அக்கா, உங்கள் பதிவை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் 'அந்த லாரிக்காரன் நல்லா இருக்கணும்' என்றார்.

சாலமான்கா ஐயா, குதிரைக் கூலி இங்கே இன்னும் இருக்கிறது. ஆபீஸ் வேலையாக சொந்தக் காரில் போனால் வரியில்லாமல் தரக்கூடிய படி, 2023 முதல் மீலுக்கு 25 குரோனர். கிலோமீட்டருக்கு இரண்டரை என்று எந்த ஆவணத்திலும் நான் பார்க்கவில்லை. நண்பரிடம் 'ஒரு' அடையாளத்தைச் சொன்னேன். அன்றிலிருந்து எந்தத் தூரத்தைச் சொன்னாலும் முன்னால் 'ஏன்' வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறார்.

நேற்று மாலை வண்டியைப் பார்த்தோம். மீட்டரில் 1,24,317 கிலோமீட்டர். அப்பாவை வீடியோவில் வைத்துக்கொண்டே பெடல் ரப்பரைக் காட்டினேன், சீட்டு ஓரத்தைக் காட்டினேன், ஸ்டியரிங்கில் பத்து மணி முள் இருக்கும் இடத்தைத் தடவிச் சொன்னேன். 'ஓட்டத்துக்கு ஏத்த தேய்மானம். நேர்மையான வண்டி' என்றார். சர்வீஸ் புத்தகத்தை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டச் சொன்னார். டைமிங் பெல்ட் எப்போது மாற்ற வேண்டும் என்று விற்பவரிடம் கேட்கச் சொன்னார். கடைசியில் எவ்வளவு குடிக்கும் என்றார்.

விற்கும் பெரியவர் 'மீலுக்கு அரை லிட்டர்' என்று சொன்னதை அப்படியே சொன்னேன். இந்தத் தடவை அப்பாவுக்கு எதையும் மாற்றிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. 'அரை லிட்டருக்குப் பத்து. அப்ப லிட்டருக்கு இருபது. டீசலுக்கு நல்ல மைலேஜ்தான்.'

வெள்ளிக்கிழமை பணம் கட்டுகிறோம்.